ஆசிரியருக்குப் பால் உண்டோ?

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மழை பெய்து ஓய்ந்து, சேலையூர் ஏரிப் பக்கமிருந்து தவளைகளின் கூச்சல் கேட்கத் தொடங்கியிருந்த வேளையில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நீதி சாஸ்திரத்தைப் பொதுத்தாளாகப் படித்து, இப்போது பெருங்களத்தூருக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துவரும் பழைய மாணவி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். உயர்கல்வி ஆசிரியர்களைப் பற்றி மத்திய கல்வி அமைச்சகம் எடுக்கும் கணக்குக்காகத் தம் கல்லூரியின் விவரங்களைத் தொகுத்து அனுப்பும் பொறுப்பு அவரிடம் விடப்பட்டிருந்தது. அந்த வேலையினூடே ஆர்வம் மிகுந்து, ஜப்பானியக் கணக்கையும் தேடி எடுத்து, இரு தேசங்களிலும் உள்ள ஆண் ஆசிரியர்களின் தொகையை ஒரே தாளில் அருகருகே எழுதிக் கொண்டு வந்திருந்தார்.

“சார், எந்தப் பக்கமிருந்து பாத்தாலும் வேற வேற பதில் வருது. இதுல உண்மைன்னு எதைச் சொல்றது?” என்று கேட்டார்.

வேதியியல் படித்தவருக்குக் கூட்டல் கழித்தலில் ஐயம் வர நியாயமில்லை. அவர் கேட்டது கணிதத்தைச் சேர்ந்த கேள்வியன்று, தத்துவ விசாரணையைச் சேர்ந்த கேள்வி என்பது எனக்கு உடனே புலப்பட்டபடியால், அன்று சில வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டேன். அதன்பின் பல நாட்கள் அதையே சிந்தித்து வந்ததில் எனக்குத் தெளிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாளில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும். 2021-22ஆம் கல்வியாண்டுக்குரிய அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் ஏறத்தாழ 15,98,000 உயர்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நூற்றுக்கு 56.6 பேர் ஆடவர், 43.4 பேர் பெண்டிர். ஆகவே ஆடவர் தொகை 9 லட்சத்தைச் சற்றே கடந்து நிற்கிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் அதே காலத்தில் முழுநேர ஆசிரியர்கள் சுமார் 1,90,000 பேர். அங்கே பெண்டிர் பங்கு நான்கில் ஒன்றைச் சிறிதளவே மிஞ்சுவதால், ஆடவர் சுமார் 1,40,000 பேர். வெறும் தொகையைப் பார்த்தால் இந்தியாவில் ஆண் ஆசிரியர் ஆறு மடங்குக்கும் மேல். ஜனத்தொகையோடு சேர்த்துப் பார்த்தால், நம் 140 கோடியில் ஏறத்தாழ 1,550 பேருக்கு ஒருவரும், அவர்களுடைய பன்னிரண்டரைக் கோடியில் ஏறத்தாழ 900 பேருக்கு ஒருவரும் ஆக, ஜப்பானே முந்துகிறது. ஆண், பெண் விகிதத்தைப் பார்த்தாலோ, நூறு ஆசிரியரில் இங்கே ஐம்பத்தாறு, அங்கே எழுபத்து மூன்று. போதாததற்கு இரு தேசத்தாரும் வீசிய வலையும் வேறு வேறு. நம் கணக்கில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சிறிய கல்லூரியின் ஆசிரியர்கூட அகப்படுகிறார். அவர்கள் கணக்கில் ஈராண்டுக் குறுங்கல்லூரிகள் வேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. இத்தனையும் சேர்ந்துதான் அந்த அம்மையாரை மயங்க வைத்தன.

நம் முன்னோர்களுள் எண்ணைப் பற்றி மிக ஆழமாகச் சிந்தித்தவர்கள் வைசேஷிகர். திரவியத்தைச் சார்ந்து நிற்கும் 24 குணங்களுள் சங்கியையும் ஒன்று என்று அவர்கள் வகுத்தார்கள். ஆயினும் ஒன்று என்னும் எண்ணுக்கும், இரண்டு முதலான எண்களுக்கும் இடையே ஒரு நுட்பமான பேதத்தைக் கண்டார்கள். ஒருமை அந்தந்தப் பொருளிலேயே நிற்பது. இருமையோ, ‘இது ஒன்று, இது மற்றொன்று’ என்று இரண்டையும் சேர்த்து நோக்கும் அபேட்சா புத்தி ஒருவனிடம் உதிக்கும்போது பிறந்து, அந்தப் புத்தி அகன்றபோது தானும் அகன்றுவிடுவது. தாம்பரம் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ரயிலிலிருந்து இறங்கிக் கல்லூரிப் பேருந்துகளை நோக்கி விரையும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒருவராகவே நடக்கிறார். அவரிடம் அவருடைய ஒருமை மாத்திரமே இருக்கிறது. ஒன்பது லட்சம் என்பது அவர்கள் யாரிடமும் இல்லை, சேர்த்து நோக்குகிறவனுடைய புத்தியைப் பற்றி நிற்கிறது. எண்ணுதல் என்னும் ஒரு சொல்லையே கணக்கிடுதலுக்கும் கருதுதலுக்கும் வைத்துக்கொண்ட தமிழர்களுக்கு இது விளங்காத செய்தியன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வெவ்வேறு தரிசனங்களை உரைக்கும் வாதிகளுக்குச் சமயக் கணக்கர் என்றே பெயர்.

நோக்குகிறவனுடைய புத்தியைச் சார்ந்தது என்பதால் எண் பொய்யாகிவிடுமோ என்று கேட்கலாம். பல்லாவரத்துக்கு மேற்கே திருநீர்மலைக்குச் சென்று சேவித்தவர்கள் இதற்கு விடை கண்டிருப்பார்கள். அங்கே அடிவாரத்துக் கோயிலில் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் காட்சி தருகிறார். மலைமேல் அரங்கனாகக் கிடந்தும், நரசிம்மனாக இருந்தும், உலகளந்தவனாக நடந்தும் சேவை சாதிக்கிறார். அவ்வூரில் பெருமாள் எத்தனை பேர் என்று ஒரு குழந்தை கேட்டால் நான்கு என்பதும் ஒன்று என்பதும் இரண்டுமே மெய். திருக்கோலம் எத்தனை என்று கேட்டால் நான்கு; கோலம் கொண்டவர் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவர். ஜெர்மானியக் கணித ஞானியான ஃபிரேகெ, எண்கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி 1884இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியதும் இதற்கு நெருங்கியதே: எண்ணைச் சொல்லும்போது நாம் பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறோமாயினும், அப்பொருளை எந்தக் கருத்தின்கீழ் நிறுத்தினோமோ அந்தக் கருத்தைப் பற்றியே பேசுகிறோம் என்று அவர் காட்டினார். கருத்து நிச்சயமானால் எண்ணும் நிச்சயமாகும். கருத்தே தளர்ந்திருக்குமாயின் எத்தனை இலக்கங்களை அடுக்கினாலும் உறுதி பிறவாது.

‘ஆண் உயர்கல்வி ஆசிரியர்’ என்ற தொடரில் மூன்று கருத்துக்கள் கலந்திருக்கின்றன. உயர்கல்வி என்பதன் எல்லையை அரசாங்கங்கள் தத்தம் சௌகரியப்படி வகுத்துக்கொள்கின்றன. அதில் தத்துவம் அதிகமில்லை. மற்ற இரண்டும் அப்படியல்ல.

ஆசிரியர் என்பவர் யார்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், தம் நூலின் பாயிரத்தில் எழுத்தைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் பேசத் தொடங்குமுன்பே ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறார். நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக்குகிறார். ஆசிரியர் ஆகாதவருக்கும் அவர் உவமை வைத்திருக்கிறார்: போட்ட முறையன்றிக் கண்டபடி கொட்டும் கழற்குடம், தானே விழுந்தாலன்றித் தன்னிடம் வந்தவனை ஏறவிடாத மடற்பனை, சிறிது சிறிதாகத் திணித்துச் சிறிது சிறிதாகவே வாங்கவேண்டிய பருத்திக் குண்டிகை, ஒருவன் நீர் ஊற்ற வேறொருவன் தோட்டத்தில் காய் உதிர்க்கும் முடத்தெங்கு. இந்த எட்டு உவமைகளில் ஒன்றேனும் ஆணுக்கோ பெண்ணுக்கோ தனியே உரியதாக எனக்குத் தோன்றவில்லை. நிலத்தின் பொறுமைக்கும் துலாக்கோலின் நடுவுநிலைக்கும் பால் ஏது?

வைசேஷிகர் சொன்ன மற்றொரு நியமத்தையும் இங்கே நினைக்க வேண்டும். குணம் திரவியத்தில்தான் தங்கும். குணத்தின்மேல் இன்னொரு குணம் தங்காது. எண்ணும் ஒரு குணமாகையால் அது திரவியங்களையே எண்ணும். நேரான பொருளில் குணங்களை எண்ணாது. அப்படியானால் குணங்கள் 24 என்று நீங்களே எண்ணினீர்களே என்று எதிர்வாதிகள் அவர்களை மடக்கியதும், அது உபசார வழக்கென்று அவர்கள் சமாதானம் சொன்னதும் தர்க்கம் கற்றோர் அறிந்தவை. அந்த வாதத்தில் வென்றவர் யாராயினும், நமக்கு ஒரு பிரயோஜனம் உண்டு. கற்பிக்கும் தன்மை ஒரு குணம். அதை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணியதில்லை, எண்ணவும் முடியாது. எண்ணப்பட்டவை நாற்காலியில் அமர்ந்து சம்பளப் பட்டியலில் கையொப்பமிடும் தேகங்கள். அத்தேகங்களுக்குப் பால் உண்டு. ஆசிரியத் தன்மைக்குப் பால் உண்டா என்பதே கேள்வி.

தமிழ் இலக்கணம் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று மூன்று பால் வகுத்தது. ஆசிரியன் என்றால் ஆண். ஆசிரியை என்றால் பெண். ஆசிரியர் என்னும்போது, பலர்க்குரிய விகுதி ஒருவருக்கு மரியாதையாக வந்து, அவர் ஆணா பெண்ணா என்னும் விசாரத்தையே அவித்துவிடுகிறது. வணங்கத்தக்கவராகக் கருதிய கணத்திலேயே நம் மொழி பாலை மறந்துவிடுகிறது என்பது எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிற செய்தி. வடமொழி வையாகரணர்கள் வேறொரு வகையில் கவனமாக இருந்தார்கள். ஆசாரியரின் மனைவிக்கு ஆசார்யானீ என்றும், தானே ஆசாரிய ஸ்தானத்தில் இருந்து கற்பிக்கும் பெண்ணுக்கு ஆசார்யா என்றும் இரு வேறு ரூபங்களை அவர்கள் காத்து வைத்தார்கள். கற்பிக்கும் பெண்கள் கண்முன் இல்லாதிருந்தால் அந்தப் பேதத்தைக் காக்கவேண்டிய அவசியம் நேர்ந்திராது. பிருகதாரண்யகத்தில் யாக்ஞவல்கியரைச் சபை நடுவே கேள்விகளால் நெருக்கிய கார்க்கியை அறியாதவர் யார்?

ஆயினும் மொழியில் உள்ள மரியாதை வீதியில் எப்போதும் இருந்ததில்லை. மணிமேகலை காஞ்சிக்குப் போகுமுன் வஞ்சி மாநகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் தத்துவத்தைக் கேட்கிறாள். இளம்பெண் என்று கருதி யாரும் அவளுக்கு மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்து, வேற்றுரு எடுக்கும் மந்திரத்தையும் அருளியிருந்தது. அதன்படி அவள் ஓர் ஆண் தவசியின் வடிவம் பூண்டு வஞ்சிக்குள் நுழைகிறாள். வேதவாதியும் ஆசீவகனும் நிகண்டனும் சாங்கியனும் வைசேடிகனும் அந்த வடிவத்தை நம்பித் தங்கள் தங்கள் பிரமாணங்களை எடுத்து விரிக்கிறார்கள். அன்று வஞ்சியின் வாயிலில் நின்று தத்துவம் கேட்க வந்தோரை ஆண் பெண்ணாகப் பிரித்து ஒருவன் எண்ணியிருந்தால், மணிமேகலையை ஆண்களின் வரிசையில்தான் சேர்த்திருப்பான். அவன் எண்ணிக்கையில் ஒரு பிழையும் இராது. ஆனால் அந்த நகரத்து ஞானத்தின் மெய்யான நிலைமை அதில் மறைந்து போயிருக்கும். பிறகு காஞ்சியில் தன் குருவான அறவண அடிகளின் முன் நிற்கும்போது அவள் சொல்லும் ஒரு வார்த்தை எத்தனை முறை படித்தாலும் என் உள்ளத்தை உருக்குவது. அந்த மாற்றுருவை எப்படித் தன்னுடையதென்று கொள்ளவில்லையோ, அப்படியே அச்சமயங்களின் உபதேசங்களையும் தான் சிந்தையில் வைக்கவில்லை என்கிறாள். அவளை அவளாகவே கண்டு சொல்லாதவனுடைய உபதேசம் அவளிடம் தங்கவில்லை என்றே நான் இதைப் பொருள்கொள்கிறேன்.

என் மாணவி ஜப்பானை எடுத்தபடியால் எனக்கு டோகெனின் நினைவு வந்தது. ஜென் மார்க்கத்தின் சோட்டோ கிளையை ஜப்பானில் ஸ்தாபித்த அம்மகான், 1240இல் செய்த ஓர் உபதேசத்தில், தர்மத்தை அடைந்தவர் யாராயினும் அவரை வணங்கிக் கற்க வேண்டும் என்றும், பெண் என்பதற்காக வணங்க மறுக்கும் பிக்கு அறியாமையில் உழல்கிறான் என்றும் கடுமையாகப் பேசுகிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் சீன தேசத்து மோஷான் மலையில் இருந்த லியாவ்ரான் என்னும் பிக்குணி. ஜிஷியன் என்ற பிக்கு அவளைச் சோதிக்க எண்ணி, நீ ஏன் உன் வடிவத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டபோது, தான் பேயுமல்ல பூதமுமல்ல, எதற்காக எதுவாக மாறவேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் வணங்கி, மூன்றாண்டுகள் அவளுடைய மடத்தில் தோட்டவேலை செய்தான். மணிமேகலை வடிவை மாற்றிக்கொண்டு சென்றாள். லியாவ்ரான் மாற்ற மறுத்து நின்றாள். இருவருக்கும் பகை ஒன்றுதான்.

இந்த இடத்தில் வேதாந்த நாட்டமுள்ள நண்பர்கள் குறுக்கிடக்கூடும். வித்தைக்குப் பால் இல்லை என்று நிலைநாட்டிவிட்டபின் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற கணக்கே அவித்தையின் விளையாட்டுத்தானே, பரமார்த்தத்தில் இல்லாத பேதத்தை வியவகாரத்தில் எண்ணிக்கொண்டிருப்பானேன் என்று அவர்கள் கேட்பார்கள். நானும் இளவயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். வகுப்பில் அவ்வாறே பேசியும் இருக்கிறேன். அப்படிப் பேசியது தவறென்று இப்போது உணர்கிறேன். யோசித்துப் பாருங்கள்: கற்பிக்கும் தன்மை ஆணுக்கே இயல்பாக உரியது என்று ஒருவன் நம்பினால், நூறு ஆசிரியரில் எழுபத்து மூவர் ஆடவர் என்பது அவனுக்குத் திகைப்பைத் தராது. காக்கை கறுத்திருப்பதற்குக் காரணம் தேடாதது போல அதற்கும் அவன் காரணம் தேடமாட்டான். அத்தன்மைக்குப் பால் இல்லை என்று நம்புகிறவனுக்குத்தான் அந்த எண் உறுத்த வேண்டும். பால் இல்லாத ஒன்று எவ்வாறு இத்தனை பால்பேதத்தோடு உலகில் தோன்றுகிறது, இடையில் புகுந்து அதை வளைத்தது எது என்று அவன் கேட்டே தீரவேண்டும். எல்லாம் ஒன்று என்னும் சித்தாந்தத்தை உண்மையாகவே கைக்கொண்டவன் ஏற்றத்தாழ்வைக் காட்டும் எண்ணைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அவனுக்கு அந்த எண் ஒரு புகைமாதிரி. மலையில் நெருப்பிருப்பதை அனுமானிக்கச் சொல்லும் ஹேது.

அந்த நெருப்பைத் தேடிச் சரித்திரத்துக்குள் போனால் விசித்திரமான காட்சிகள் தென்படுகின்றன. 1883இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் காதம்பினி, சந்திரமுகி என்னும் இரு பெண்கள் பட்டம் பெற்றார்கள். சந்திரமுகி பாசு பின்னர்ப் பெத்தூன் கல்லூரியின் முதல்வராகவே அமர்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமோ 1948 வரையில் பெண்களைப் படிக்கவிட்டுப் பூரண பட்டம் கொடுக்காமலே வைத்திருந்தது. ஜப்பானில் தோஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகம் 1913இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது பெரும் பரபரப்பாயிற்று. நம் சென்னையில் 1914இல் பெண்களுக்கென்று ஏற்பட்ட அரசாங்கக் கல்லூரியே பின்னால் இராணி மேரி கல்லூரியாயிற்று. 1915இல் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தோன்றியது. பெண்களுக்கு ஆடவர் கற்பித்தலாகாது என்ற அக்காலத்துக் கட்டுப்பாடு, பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்கள் வேண்டும் என்ற தேவையை உண்டாக்கிற்று. ஒதுக்கிவைக்க எழுப்பிய மதிலே உள்ளே ஒரு மேடையையும் அமைத்துக் கொடுத்தது. ஜப்பானிலும் 1900இல் சூதா உமேகோ அம்மையாரும் அடுத்த ஆண்டு நாருசே என்பவரும் பெண்களுக்கு உயர்கல்விச் சாலைகளைத் தொடங்கினார்கள். ஆனால் அவை 1948 வரையில் பல்கலைக்கழக அந்தஸ்துப் பெறவில்லை. இங்கே மதில் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் எழுந்தது. அங்கே எல்லைக்கு வெளியே எழுந்தது. இரு தேசத்துக் கணக்குகளின் பேதத்துக்கு இதுவே முழுக்காரணம் என்று சாதிக்கமாட்டேன். ஒரு வேர் இங்கிருந்து ஓடுகிறது என்று மாத்திரம் நம்புகிறேன். 1968இல் குரோம்பேட்டையில் பெண்களுக்கான வைஷ்ணவக் கல்லூரி எழுந்தபோதும் அதே வேர்தான் தெற்கு நோக்கி நீண்டது.

தேசங்களை இப்படி ஒப்பிடுதல் தகுமா என்ற ஐயமும் உண்டு. அதற்கு இந்தத் தாம்பரத்தைவிட உகந்த இடம் வேறில்லை. ஜார்ஜ் டவுனில் நூறாண்டுகள் இருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் இங்குள்ள காட்டு நிலத்துக்குப் பெயர்ந்து வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் உலகத்தின் பல திசைகளிலிருந்தும் வந்த கிறிஸ்தவப் பிரதிநிதிகள் அங்கே கூடி, மற்றச் சமயங்களைத் தாங்கள் எவ்வாறு நோக்குவது என்று விவாதித்தார்கள். ஹாலந்து தேசத்துக் கிரேமர், ஒரு சமயம் பிளவுபடாத முழுமை என்றும், அதிலிருந்து ஒரு கூற்றைப் பிய்த்தெடுத்து மற்றொரு சமயத்தின் கூற்றோடு வைத்து ஒப்பிடுவது பிழை என்றும் வாதித்தார். இக்கல்லூரியில் தத்துவம் கற்பித்து முதல்வராகவும் இருந்த ஹாக், சமயங்களின் சித்தாந்தக் கட்டுக்கோப்பு வேறு, அவற்றுக்குள்ளே வாழும் மனிதனின் நம்பிக்கை வேறு என்று பிரித்துக் காட்டி அதற்கு மறுமொழி சொன்னார். இந்த ஹாக்கின் வகுப்பில்தான் அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன் ராதாகிருஷ்ணன் மாணவராக அமர்ந்து, வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி 1908இல் தம் ஆராய்ச்சியை எழுதினார். கிரேமர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. ஜப்பானிய ஆண் ஆசிரியர் தொகை ஜப்பானிய வீட்டையும் அங்குள்ள தாய்மாரின் நாளையும் விட்டுப் பிரித்தால் பொருள்படாது; நம்முடையதும் அப்படியே. ஆயினும் ஹாக் சொன்னதையும் மறக்கக் கூடாது. முழுமைகள் ஒப்பிடத்தகாதவையாக இருக்கலாம். டோக்கியோவில் ஒரு பெண் வகுப்பறைக் கதவண்டை நின்று, உள்ளே போகலாமோ என்று தயங்கும் அந்தக் கணமும், தாம்பரத்தில் ஒரு பெண் தயங்கும் கணமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

நம்முடைய 43.4ஐப் பார்த்து மார்தட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. பதவி உயர உயரப் பெண்களின் பங்கு குறைவதை அதே கணக்கெடுப்பு காட்டுகிறது. மேலும் தாம்பரம் வழியே செல்லும் பெருஞ்சாலை நெடுகிலும் எழுந்துள்ள சுயநிதிக் கல்லூரிகள் சிலவற்றில் நான் கண்டதைச் சொல்லாமலிருக்க முடியாது. சம்பளம் குறைந்தபோது குடும்பத்தைத் தாங்கவேண்டிய ஆடவர் வேறு வேலை தேடிப் போனார்கள். வீட்டுக்கு அருகில் ஒரு வேலை இருந்தால் போதும் என்று சொல்லப்பட்ட பெண்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். விகிதம் சமத்துவத்தை நோக்கி நகர்ந்தது. ஆசிரியப் பணியின் மதிப்போ கீழ்நோக்கி நகர்ந்தது. ஒரே எண் நீதியின் வரவையும் அநீதியின் வரவையும் அறிவிக்க வல்லது என்பதை அங்கேதான் நேரில் கண்டு வருந்தினேன்.

எண்ணப்பட்டவர்களைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். எண்ணப்படாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைக்கும்போதுதான் என் நெஞ்சு அதிகம் தவிக்கிறது. தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த ராமானுஜர், தம் தரிசனத்தை நடத்த 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்று குருபரம்பரை எண்ணிச் சொல்கிறது. அதே ராமானுஜர் தென்பாண்டி நாட்டில் திருக்கோளூருக்குள் நுழையும்போது, ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை எதிர்ப்பட்டாள். எல்லாரும் புகத் துடிக்கும் திவ்விய தேசத்தை விட்டு நீ ஏன் போகிறாய் என்று அவர் கேட்க, இன்னார் செய்ததை நான் செய்தேனா, இன்னார் செய்ததை நான் செய்தேனா என்று 81 வார்த்தைகளை அவள் அடுக்கினாள். அவ்வளவும் கேட்டு வியந்த ராமானுஜர், அவளோடு திரும்பி நடந்து, அவள் வீட்டில் அவள் கையால் சமைத்ததை அமுது செய்தார். அந்த 81 வார்த்தைகளும் இன்றுவரை வைணவர்களால் ரகசிய நூலாகப் போற்றப்படுகின்றன. சொன்னவளுடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. 74 பேரில் அவளுக்கு இடமும் இல்லை. அவள் வார்த்தைகளை எண்ணினார்கள், அவளை எண்ணவில்லை.

மேலே எழுதியவற்றில் ஒரு பகுதியைச் சென்ற வாரம் மறுபடி வந்திருந்த என் மாணவிக்குப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து தம் துறையின் ஆசிரியர் விவரப் படிவங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். ஐந்து படிவங்கள், மூவர் ஆண், இருவர் பெண். பிறகு வேறொன்றைச் சொன்னார். அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக ஓர் அம்மாள் இருக்கிறார். பியூரெட்டை எப்படிப் பிடிப்பது, துளி விழும் கணத்தில் கையை எப்படி நிறுத்துவது, அமிலத்தில் நீரையல்ல, நீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும் என்பவற்றையெல்லாம் முதலாண்டு மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்தான் பழக்கி வருகிறார். என் மாணவி புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாளில் கருவிகளை முறையாக எடுத்து வைத்துக் காட்டியவரும் அவரே.

“அவங்க பேரை எந்தக் கட்டத்துல சார் போடறது?”

நான் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தேன். பெயர், பால், பதவி, கல்வித் தகுதி என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. வெளியே மறுபடி தூறல் தொடங்கியிருந்தது. கடற்கரை ரயிலுக்கு நேரமாகிறதென்று அவர் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்து, நிலையத்துப் பக்கம் நடந்தார்.